பிசின் காயும் வரை

ஜனவரியில் எங்கள் படுக்கையிலிருந்து
மின்சாரப் போர்வையை உருவிக்கொண்டு போனேன்.
கார் கொட்டகையில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
இரண்டு ஒட்டுப்பலகைகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவி
ஒன்றின்மேல் ஒன்று பிசின் தடவிப் பொருத்தியிருந்தேன்.
குளிரில் அது காயாது.
"எனக்குக் குளிராதா?" என்றாள் தியடோரா.
"நீ விட்டுப்போக மாட்டாய். இது விட்டுப்போகும்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
சால்மன் ஆற்றை ஒட்டியே முப்பது மைல்.
இரவில் அந்த ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
அதற்காகவே ஒன்றைச் செய்தேன்.
நேர்க்கோடே இல்லாத பொருள்.
அணியம் நிமிர்ந்து, அமரம் நிமிர்ந்து,
நடுவயிறு மட்டும் தரையைத் தொடும்.
ரசமட்டத்தை எங்கே வைத்தாலும்
குமிழி வழுக்கி ஓடியது.

விலாக்கள் பதினொன்று. ஐந்தாவதை மட்டும்
அரை விரற்கடை தவறாக வெட்டினேன்.
நள்ளிரவு, வானொலியில் ஏதோ மாட்டு ஏலம்.
வெட்டிய மரத்தைத் திரும்ப வளர்க்க முடியாது.
ஆப்பு சீவி இடைவெளியில் இறக்கி,
மேலே வண்ணம் பூசி,
யாரிடமும் மூச்சு விடவில்லை.
எதிர்வீட்டு ஆர்வில் தன் இடுக்கிகளைக் கேட்டு வந்தபோது
சரியாக அந்த இடத்தில்தான் கையை ஊன்றி நின்றார்.
வானிலை பற்றிப் பேசினார்.

ஏப்ரலில் ஏழு பூச்சு வார்னிஷ்.
ஆறாவதில் ஒரு கொசு ஒட்டிச் செத்தது.
சாமணத்தால் எடுத்து, தேய்த்து, மறுபடி பூசினேன்.
கோட்டோடு கதவோரம் நின்ற தியடோரா கேட்டாள்:
"இதை நிஜமாகவே தண்ணீரில் விடப் போகிறோமா?"

ஜூன். மலைப் பனியெல்லாம் ஆற்றில்.
துடுப்புகள் அவள் கையில்.
அதில் எங்களுக்குள் வழக்கு கிடையாது:
நான் செய்பவன், அவள் செலுத்துபவள்.

மற்றப் படகுகளில்
போகும் இடத்துக்கு முதுகைத் திருப்பி உட்கார்வார்கள்.
இதில் அப்படியில்லை.
எது மோதப்போகிறதோ அதற்கு முகம் கொடுத்து,
அதையே பார்த்தபடி,
பின்னோக்கி வலிக்க வேண்டும்.
ஆறு நம்மைவிட வேகம்.
போய்ச் சேர்வதைக் கொஞ்சம் தாமதிக்கலாம்,
அந்தத் தாமதத்துக்குள் பக்கவாட்டில் நழுவலாம்,
அவ்வளவுதான்.

'சமையல்காரனின் முழங்கை' என்று பேர் அந்த இறக்கத்துக்கு.
முன்பலகையில் நான், சுவரில் மாட்டிய படம் போல.
எனக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டது,
பிறகு நுரை மட்டும் கேட்டது,
பிறகு அந்தச் சத்தம்.
விறகு பிளக்கும் சத்தம்தான். ஆனால்
விறகுக்கு நான் ஏழு முறை வார்னிஷ் அடித்ததில்லை.

காலணிக்குள் ஆறு வந்துவிட்டது.
ஐந்தாம் விலாவுக்கு ஒரு சாண் முன்னால்
கை நுழையும் ஓட்டை.
ஐந்தாம் விலா, என் பொய் விலா,
அசையவே இல்லை.

மணல்திட்டில் படகைக் கவிழ்த்தோம்.
நான் பேசவில்லை. அவளும்.
சமையல் பெட்டியின் மூடியை அறுத்து,
திருகாணி முடுக்கி, பிசின் குழைத்து ஒட்டுப்போட்டேன்.
அவள் கையெழுத்து வெளிப்பக்கம் வந்துவிட்டது:
'முட்டை. கவனம்.'

சிரிப்பாள் என்று பார்த்தேன்.
"ஐந்தாவதில் ஆப்பு வைத்திருக்கிறாய்" என்றாள்.
"பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன்."

பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் போய்விடும்.
கல்லெல்லாம் குளிரத் தொடங்கியது.
அவள் எழுந்து போய்
தன் தூக்கப்பையை ஒட்டின்மேல் விரித்து
நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.
திரும்பி வந்து என் பையின் ஜிப்பை இழுத்து,
"தள்ளிப் படு" என்றாள்.