ஆறு மணித்தியாலம்

"இது வைத்தியம் இல்லை, சோதனை" என்றார்
டொக்டர் எக்லி, ஈயக் கவசத்தின் வாரை இறுக்கியபடி.
"நரம்பை உறங்கவைத்துப் பார்ப்போம்.
நோ நின்று, ஆறு மணித்தியாலத்தில் திரும்பி வந்தால்
குற்றவாளி அந்த நரம்புதான்.
பிறகு சுடலாம்."

சுடலாம்.
தோசைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

குப்புறக் கிடந்தேன். முகம் வைக்கக் கட்டிலில் ஓர் ஓட்டை.
அதற்குள்ளால் தெரிந்தது
அவருடைய பச்சைச் சப்பாத்தும்
எனக்கு முன் வந்த யாருடையதோ ஒரு பஞ்சும்.
நாரிக்கு இந்தப்பக்கம் மூன்று ஊசி, அந்தப்பக்கம் மூன்று.
நாலாவதில் பல்லைக் கடித்தேன்.
ஐந்தாவதில் எண்ண மறந்தேன்.

பதினேழு வருஷம் ஆஸ்பத்திரித் துணி.
ஈரத்தோடு ஒரு கூடை முப்பத்தெட்டுக் கிலோ.
பீல் நகரத்தில் செத்தவர்களின் விரிப்பு,
பிள்ளை பெற்றவர்களின் விரிப்பு,
குனிந்து தூக்கித் திரும்பி
குனிந்து தூக்கித் திரும்பி.
"படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்பதைக்
காப்புறுதிக் கந்தோர்
மூன்று பக்கத்தில் எழுதி அனுப்பியது.

கையில் ஒரு தாள் தந்தார்கள்.
மணிக்கு ஒரு கட்டம். பூச்சியத்திலிருந்து பத்துவரை.

பன்னிரண்டே முக்காலுக்குப் பஸ் தரிப்பிடத்தில்
பேர்ஸைத் தொலைத்தவள்போல
உடம்பைத் தடவிப் பார்த்தேன்.
இல்லை.
இடப்பக்கம் இல்லை. தொடைக்குப் பின்னால் இல்லை.
கால் மட்டும் பழக்கத்தில் நொண்டியது. நிமிர்ந்து நடந்தேன்.
பிறகு பயம் வந்து
வேண்டுமென்றே கொஞ்சம் நொண்டினேன்.
கந்தோர்க்காரர் யாரும் எதிரே வந்தால்?

ஏரிக்கரைவரை நடக்கலாம்.
மலை ரயிலேறி மேலே போய்
பனி கரையாத பக்கத்தைப் பார்க்கலாம்.
அவணுக்குள் தலையை விட்டுத் தேய்க்கலாம்.
எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே
வீட்டுக்கு வந்து, நிலத்தில் பேப்பர் விரித்துக் குந்தினேன்,
நகவெட்டியோடு.

இரண்டு வருஷமாக இவர்தான் வெட்டிவிடுகிறார்,
ஞாயிற்றுக்கிழமைகளில், கண்ணாடி போட்டுக்கொண்டு,
மீன் செதில் எடுக்கிற கவனத்தோடு.
ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.
அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

நெற்றி முழங்காலில் இடித்தது.
என் சின்னவிரல் நகம் எப்போதும் கோணித்தான் வளரும்,
மறந்தே போயிருந்தேன்.
டிக், டிக்கென்று
அலுமாரிக்கு அடியிலும் ஒன்று தெறித்துப் போனது.
அதையும் குனிந்தே எடுத்தேன்.

நாலரைக்கு இவர் வந்தார், வேலை உடுப்போடு.
"காலைத் தாங்கோ" என்றேன்.
"என்னடியப்பா?"
"தாங்கோ."

வலது பெருவிரல் நகம் கறுத்துக் கிடந்தது,
பழைய கறுப்பு, அடிப்பக்கம் வெளுக்கத் தொடங்கிய கறுப்பு.
"இது எப்ப?"
"மாசியில. ஒரு பலகைத் தட்டு விழுந்தது."
"ஏன் சொல்லேல்லை?"
இவர் ஜன்னலைப் பார்த்தார்.
"உன்ரை நோவுக்கு முன்னால இதென்ன."

ஊசி குத்தியபோது வராத கண்ணீர்
அப்போதும் வரவில்லை.
மற்ற ஒன்பதையும் வெட்டினேன், ஒட்ட அல்ல,
சதை தெரியாமல், அவர் எனக்கு வெட்டுகிற அளவில்.
அவருக்குக் கூசியது. சிரித்தார்.

ஆறு இருபதுக்கு அது வந்தது.
கதவைத் தட்டவில்லை, சாவி வைத்திருக்கிறவன்.
முதலில் இடப்பக்கம்; சப்பாத்தைக் கழற்றுகிறமாதிரி
ஆறுதலாக, ஒவ்வொன்றாக.
எழும்ப முடியாமல் அலுமாரியைப் பிடித்தேன்.
கடைசிக் கட்டத்தில் எட்டு என்று போட்டேன்.
நாளைக்கு டொக்டர் எக்லி போனில்
"திரும்ப வந்துவிட்டதா? சூப்பர்!" என்பார்.
எனக்கும் சந்தோஷம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

தாளின் அடியில் ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்:
அந்த நேரத்தில் உங்களால் என்ன செய்ய முடிந்தது?

இருபது நகம், என்று எழுதினேன்.
பிறகு வெட்டி, பத்தொன்பது என்று திருத்தினேன்.
கறுத்ததை நான் தொடவில்லை.