மூன்று மீட்டர் எண்பது

ஹெர்னேயில் சுரங்கம் இயங்கியவரை
குளத்துத் தண்ணீருக்கு இளஞ்சூடு.
கீழே இயந்திரங்களைக் குளிரவைத்த நீர்
மேலே எங்கள் முதுகுக்கு வந்தது.

ஞாயிறுகளில் நிலக்கரி வெட்டியவர்கள்
காதுமடலில் மிச்சக் கறுப்போடு குதிப்பார்கள்.
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே
காவலர் குச்சேரா திட்டுவார்.
எனக்கு முதலில் பிடிபட்ட ஜெர்மன்
அந்த வசவுகள்தான்.

எண்பத்தேழில் சுரங்கத்தை மூடினார்கள்.
மறு கோடையில் பல் கிட்டியது.
நகரசபை கணக்குப் பார்த்தது.
கதவுக்குச் சங்கிலி.

நேற்று வேலியிடுக்கில் நுழைந்தேன்.
குதிமேடைக்கு நேர்கீழே,
தரைவெடிப்பில் ஒரு பிர்ச் மரம்.
3,80 என்று எழுதிய சுவரோரம்
காலைத் தரையில் ஊன்றியபடி
தலை வெளியே தெரிய நிற்கும்
முதல் ஆள்.

குச்சேரா இருந்திருந்தால்
கத்தியிருப்பார்:
நிற்காதே, நீந்து!