இரவில் மட்டும் சிவப்பது

இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை
பெரோகிப் பொதிகளின் ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று
பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது என் வேலை.
நிமிடத்துக்கு இருபத்தெட்டு.
ஒட்டாதது இடப்பக்கத் தொட்டிக்குள்.
பதினொன்றுக்கு மேல் வீட்டில் செய்வதும்
அதே வேலைதான்,
கையுறை இல்லாமல்.

வின்னிபெக், மைனஸ் முப்பத்திரண்டு.
பூட்ஸைக் கழற்றி, சோற்றைச் சூடாக்கி
மடிக்கணினியைத் திறக்கையில்
ஜன்னலின் உள்பக்கமும் பனி கட்டியிருக்கும்.

பைத்தான்.
பெயர்தான் மலைப்பாம்பு.
நாலு இடைவெளி மூன்றானால்
மூச்சை விட்டுவிடுகிற பிராணி.
சனி காலைகளில் மாரிசெல் சொல்லித்தருகிறாள்,
மனிலாவில் பிறந்தவள்,
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.
'டெஸ்ட்' என்று பெயர் தொடங்காவிட்டால்
அந்தச் சோதனையை யாரும் கூப்பிடுவதில்லை.
கூப்பிடாததால் அது தோற்பதுமில்லை.
அப்படி ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு நூலகப் பாடம் வந்தது:
இன்று எடுத்த புத்தகம்
இருபத்தொரு நாளில் திரும்பவேண்டும்.
நிரல் அவளுடையது, சோதனை என்னுடையது,
ஆறே வரி.
வகுப்பில் ஓட்டினோம். பச்சை.
வீட்டில் ஓட்டினேன். சிவப்பு.
ஞாயிறு இரவு சிவப்பு, திங்கள் இரவு சிவப்பு.
செவ்வாய் வேலைக்குப் போகுமுன்
கோட்டைப் போட்டபடியே ஒருக்கா தட்டினேன்,
பச்சை.

"என்னிடம் ஓடுகிறதே"
என்று எழுதியிருந்தாள், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.
என்னிடம்தான் ஏதோ ஒட்டவில்லை.
இடைவெளிகளை எண்ணினேன்.
இருபத்தொன்றை விரல் மடித்து எண்ணினேன்.
கணினியை அணைத்து, ஊதி, மூட்டினேன்.

வியாழன் இரவு பதினொன்றரை.
பெப்ரவரி ஆறை எதிர்பார்த்தேன்,
ஏழு வந்திருக்கிறது என்கிறது திரை.
வவுனியாவிலிருந்து அக்கா.
"இண்டைக்கு வெள்ளி, மரக்கறிதான்.
புடலங்காய் அடுப்பில கிடக்கு.
உனக்கு இன்னும் வியாழனே?"

எனக்கு வியாழன்.
அக்காவுக்கு வெள்ளி.
இந்த நிரலுக்கு?

அது வின்னிபெக்கில் இல்லவே இல்லை.
கிரினிச்சின் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
இங்கே மாலை ஆறு அடித்தால்
அதற்கு நாளை பிறந்துவிடும்.
மாரிசெல் காலை பத்துக்கு ஓட்டுகிறாள்,
அவள் கண்ணில் அது ஒருநாளும் படாது.
நான் ஆறு மணிக்கு முன்
எதைப் படித்திருக்கிறேன்?

"என்ன சத்தத்தைக் காணேல்லை?"
"அக்கா, புடலங்காய் அடிப்பிடிக்கப் போகுது"
என்று வைத்துவிட்டேன்.

நேரத்தை உறையவைக்க
ஒரு நிரற்பொதி இருக்கிறதாம், இலவசம்.
இந்த ஊரில் உறையாமல் மிஞ்சியிருந்தது
அது ஒன்றுதான்.
வியாழன் இரவு பதினொன்று நாற்பது என்று எழுதி
அதை அங்கேயே நிறுத்தினேன்.
பெயர் வைக்கத்தான் நெடுநேரம் பிடித்தது.
டெஸ்ட், அடிக்கோடு,
ஆறு மணிக்குப் பிறகு புத்தகம் எடுப்பவர்கள்.

சனிக்கிழமை.
வெளியே வெண்பனியில் வெயில் கண்ணைக் குத்துகிறது.
பதினாலு பேர், ஒரு பெருந்திரை,
என் மடிக்கணினியில் கீறல் விழுந்த மூலை.
தட்டினேன்.
பட்டப்பகல் பத்து மணிக்கு
சுவர் முழுக்கச் சிவப்பு.

மாரிசெல் என் ஆறு வரியைப் படித்தாள்,
பிறகு தன் நிரலைப் படித்தாள்.
"ஆய் நாக்கு" என்றாள்.
அவர்களுடைய ஐயோ அது.
கை விசைப்பலகைக்குப் போனது,
"இரு, ஒரே நிமிடம், திருத்திவிடுகிறேன்."

பொறு என்றேன்.
இன்னொருக்கா ஓட்டிப் பார்ப்போம்.