காற்றின் கண்

கிம்லியில் மைனஸ் இருபத்தெட்டு.
ஏரி கல்லாகி ஒரு மாதம்.
பழைய சட்டத்தை நானும் நிமலரூபனும்
கம்பி விட்டு நெம்பிக் கழற்றியதும்
சுவரில் ஒரு சதுரம் இல்லாமல் போனது.

கலண்டர் தன் மாதங்களை அவசரமாய்ப் புரட்டியது.
நாய் எழும்பியது, குரைக்கவில்லை, முகர்ந்தது.
வீட்டுக்காரி தோரா மற்ற அறைக்குப் போகாமல்
கோட்டைப் போர்த்திக்கொண்டு
கோப்பியும் கையுமாய்
அந்த ஓட்டைக்கு நேரே வந்து நின்றாள்.

"விண்டோ என்றால் என்னவென்று தெரியுமா?"

பதினொரு வருடமாய் அதைத்தான் விற்கிறோம்.
அளவு தெரியும். விலை தெரியும்.

"காற்றின் கண்," என்றாள்.
"எங்கள் ஆட்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சொல்.
கொள்ளையடிக்கப் போன இடத்தில்
மறந்து விட்டுவிட்டு வந்தது."
கண்ணாடி இல்லாத காலமாம்.
புகை போக ஒரு துளை,
அதால் காற்று குனிந்து
அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போகுமாம்.

என் வாயில் ஒன்று வந்து நின்றது:
காலதர்.
கால், காற்று. அதர், வழி.
சோதனையில் இரண்டு புள்ளிக்கு எழுதி
அன்றைக்கே மறந்த சொல்.
பலகணி என்றும் எழுதினேன்.
ஒன்றில் காற்று இருந்தது, மற்றதில் கண்.
இரண்டையும் சேர்க்க எங்களுக்குத் தோன்றுமுன்
போர்த்துக்கேயன் வந்திறங்கி
யன்னலை மாட்டிவிட்டுப் போனான்.

அவளுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி
கால் வரைக்கும்தான் போனேன்.
காற்றுக்குக் கால் என்றால்
காலுக்கு என்ன சொல்வீர்கள் என்றாள்.
காலுக்கும் கால்தான்.
சிரித்தாள். கோப்பி சிந்தியது.

"ஃபோம் இறுகுது, பிடியடாப்பா!"
நிமலரூபன்.

மூன்றடுக்குக் கண்ணாடி,
இடையில் ஆர்கன் வாயு,
விளிம்பு முழுக்க நுரை. திறக்காத ரகம்.
கண்ணைப் பொத்தி, வழியை அடைத்து,
இருபது வருட உத்தரவாதமும்
எழுதிக் கொடுத்தோம்.
கலண்டர் ஜனவரிக்கு வந்து அடங்கியது.
நாய் படுத்துவிட்டது.

வானில் ஏணியை ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன்.
உள்ளே நின்று, கண்ணாடியில் விரலால் தட்டி,
என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.
அந்தச் சொல்லைத்தானோ, மறுபடி?
உதடு அசைந்தது.

நல்ல வேலை.
ஓர் எழுத்துக்கூட வெளியே வரவில்லை.