நாலாவது துவாய்

வெள்ளை வேண்டாம் என்றாள் மிஸி.
கடுஞ்சிவப்பு, இல்லாட்டிக் கறுப்பு.
வெள்ளையில் ஒரு கரண்டி இரத்தம்
ஒரு வாளி மாதிரித் தெரியும்.

மெயின் வீதிக் கடையில்
மாதுளை நிறத்தில் நாலு எடுத்தேன்.
"கலியாண வீடோ அண்ணை?" என்றான் பொடியன்.
ஓம் என்றுவிட்டேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
கடற்கரை வரைக்கும் யோசித்தபடி நடந்தேன்.
வழியில் ஒரு மான்
கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.

யோகமலர் சந்தையில் கருவாடு விற்றவள்.
பஸ்ஸில் மூக்கைப் பொத்தினவர்களைப் பார்த்து
"இது காசின்ரை மணம், தம்பி" என்று சிரித்தவள்.
இப்போது பிள்ளைகளைக் கட்டிலடிக்கு விடுவதில்லை.
ஜன்னலைச் சாத்தச் சொல்வாள்,
பிறகு திறக்கச் சொல்வாள்.
என்னை வெளியில் படுக்கச் சொன்னாள்.
"ஒரு மணமும் வரேல்லை" என்றேன்.
"முப்பது வருசம் கருவாட்டோடை கிடந்தனான்.
எனக்கே பொய் சொல்லுறியள்."

நஸ்லியா மிஸி கிண்ணியாப் பாலம் கடந்து வருவாள்,
செவ்வாயும் வெள்ளியும்.
மற்ற நாள்களில் என் கை.
முதலில் மோர்பின் பாணி.
பிறகு அரை மணித்தியாலம்,
அதில் ஒரு நிமிசமும் களவெடுக்கக் கூடாது.
பிறகு இளஞ்சூட்டில் உப்புநீர்,
ஒட்டின கோஸ் தானாக விடும்வரை.
இழுக்கக் கூடாது.
நான் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன்;
இறுகினது எதையும்
தட்டிக் கழற்றிப் பழகின கை இது.
இரண்டு கரண்டிக்கு நடுவே குளிசையை நசித்து
மார்பில் அந்தக் குழியில் தூவுவேன்.
கசிந்தால் பத்து நிமிசம் அமத்திப் பிடிப்பேன்,
தூக்கிப் பார்க்காமல்.
அந்தப் பத்து நிமிசத்தில்
அவள் கடன்காரரின் பெயர்களைச் சொல்லுவாள்:
பாலையூற்றுச் செல்வரத்தினம் அறுநூறு,
ஐஸ் பெட்டிக்காரன் ஆயிரத்து நூறு,
அவனிட்டை கேளாதேங்கோ, பாவம்.

"ஒரேயடியாக வந்தால்?"
வாசலில் வைத்துத்தான் கேட்டேன்.
மிஸி ஒரு காலில் செருப்போடு நின்றாள்.
"துவாயால மூடி அமத்துங்க.
எங்கயும் ஓட வேணாம்.
கையப் பிடிச்சிக்கிட்டு இருங்க."
அவ்வளவுதானா என்றேன்.
மற்றச் செருப்பைத் தேடினாள்.

ஒன்பதாம் நாள் காலை
கண் மூடிக் கிடந்தவள் மூக்கைச் சுழித்தாள்.
எனக்கு வயிறு கலங்கியது.

"ஆர் பக்கத்து வீட்டிலை சூடை காயப்போட்டது?
உப்புக் காணாது.
ரெண்டு நாளிலை புழுப் பிடிக்கும்.
போய்ச் சொல்லுங்கோ."

வேலியடியில் போய்ச் சொன்னேன்.
கொடியில் மூன்று துவாய்
சோளகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.
நாலாவது கட்டிலுக்குக் கீழே,
மடிப்புக் குலையாமல்,
விலை ஒட்டின கடதாசியோடு.