நிகர எடை

தேவகோட்டை ரஸ்தா எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
லாரி வராத நண்பகலில் நான் ஏறி நின்றால்
நூறு என்கிறது.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டு எந்திரம்
காசை வாங்கிக்கொண்டு தொண்ணூற்றேழு என்றது,
அட்டையின் பின்பக்கம்
'நீர்வழிப் பயணம் கூடாது' என்று பலனும் போட்டு.

முப்பத்தெட்டு வயதில் அலை பழகப் போனவன்.
பக்கத்துத் தொண்டிக் கடல்
தட்டில் ஆறவிட்ட கஞ்சி மாதிரி கிடக்கும்.
அதனால் மாதம் ஒருமுறை
விடிகாலை ரயில் பிடித்துக் கோவளம்.
ஒன்பது தடவை போயிருக்கிறேன்.
நான்கு தடவை நின்றிருக்கிறேன்.
நின்றது என்றால்
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள்.
எண்ணி முடித்ததில்லை.

பழகுகிறவர்களுக்கு ஒன்பதடிப் பலகை.
கனத்த ஆளுக்கும் ஒன்பதடி.
பழகாத கனத்த ஆளுக்கு?
"பத்தடி இருந்தா அதத் தருவேன்ணே" என்றான் நீலமேகம்.
தப்பில்லை.
அதில் படுத்தால் கட்டிலில் படுத்த மாதிரி.
ஆனால் திருப்ப முடியாது.
கடல் தள்ளுகிற பக்கம் போய்க்
கரையில் கொட்டப்படுவேன்,
ஜல்லி போல.

எனக்குத் திரும்ப வேண்டும்.
ஒரே ஒருமுறை, இடப்பக்கமாக, அரை அடியாவது
நானாகத் திரும்ப வேண்டும்.

ஆறடி நாலங்குலம் கேட்டேன்.
நீலமேகம் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுத்தான்.
படுத்தேன்.
பலகை என்னைத் தாங்கவில்லை,
நான்தான் அதைத் தண்ணீருக்குள்
அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
தாடைவரை உப்பு.
பக்கத்தில் வழுக்கிப் போன ஒரு பொடியன்
"அங்கிள், உங்க போர்டு எங்க?" என்றான்.

கரையேறியதும் நீலமேகம்
நீளத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பேசினான்,
தடிமனை, லிட்டரை.
அது எனக்கு உடனே பிடிபட்டது.
வைக்கோல் லாரி ரோட்டையே அடைத்துக்கொண்டு வரும்,
மேடையில் மூன்று டன் தேறாது.
கருங்கல் லாரிக்குப் பாதித் தொட்டிதான் நிறைந்திருக்கும்,
டயர் பிதுங்கும்.
நீளமா மிதக்கிறது?
உள்ளே அடைபட்டுக் கிடப்பதல்லவா மிதக்கிறது.

ஏழடி இரண்டங்குலம்.
அகலம் இருபத்துமூன்று. தடிமன் மூன்று.
ஐம்பத்தெட்டு லிட்டர்.
"இதுவும் ஒங்களுக்குக் கொஞ்சம் சின்னதுதான்ணே.
விழுவீங்க."
எத்தனை நாளைக்கு?
"மழ முடியறவரைக்கும். இல்ல, அடுத்த மழ."

உமையாள் இன்ச் டேப்போடு நாற்காலியில் ஏறினாள்.
எங்கள் வாடகை வீட்டுப் பரண் ஏழடி.
"ரெண்டங்குலம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்" என்றாள்.
பிறகு விலையைக் கேட்டாள்.
"இதுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கலாம்.
அது நிக்கும். விழாது."
டேப்பைச் சுருட்டும்போது
"சரி, வாங்குங்க" என்றாள், ஏன் என்று தெரியவில்லை.

பார்சல் லாரி மேடையிலேயே இறக்கிவிட்டுப் போனது.
கோணியை அறுத்து, அட்டையைப் பிரித்து,
நடுவில் வைத்தேன்.
பூஜ்யம்.
நான்கு கிலோவை அது கண்டுகொள்ளவே இல்லை.
பலகையை எடுத்துவிட்டு நான் ஏறினேன்: நூறு.
பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன்:
நூறு.
பழக்க தோஷம், ரசீதும் அடித்தேன்.
மொத்த எடை 100.
காலி எடை 100.
நிகர எடை 0.

பின்னால் ஹாரன்.
புதுவயல் மில்லுக்குப் போகிற நெல் லாரி.
டிரைவர் தலையை நீட்டி,
"என்னண்ணே, ஊஞ்சப் பலகையா?"

"ஆமாப்பா."

"சங்கிலி மாட்ட ஓட்டையே காணோம்?"

இறங்கி வழிவிட்டேன்.