முதல் நாற்பது நிமிடம்

சனிக்கிழமை இரசாயனவியல் ஆறு மணிக்கு.
புல்மோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்
குச்சவெளிச் சந்தியில் என்னை ஏற்றும்போது
ஐந்து முப்பத்தைந்து.
நளீம் காக்கா எவ்வளவுதான் முறுக்கினாலும்
நிலாவெளியில் மீன்பெட்டி ஏறும்,
சாம்பல்தீவில் யாராவது இறங்கி நின்று
மிச்சக்காசுக்கு வழக்காடுவார்கள்.
உப்புவெளி தாண்டுமுன்பே
குகராஜ் சேர் பலகையில்
பாதியை அழித்திருப்பார்.

வாசலில் செருப்புக்கு இடமிருக்காது.
எழுபத்திரண்டு சோடி, எண்ணியிருக்கிறேன்.
கடைசி வாங்கில் நான் குந்தும்போது
"ஆகவே" என்பார் சேர்.
எனக்கு எல்லாப் பாடமும்
"ஆகவே"யில்தான் தொடங்கியது.
எதனால் என்பது
தெரியாது.

இரண்டரை வருடம் இப்படி.
சமநிலையின் பின்பாதி,
சேதன இரசாயனத்தின் பின்பாதி,
ஆவர்த்தன அட்டவணையில்கூட
வலப்பக்கம்தான் எனக்குப் பழக்கம்.

விதுர்ஷாவின் வீடு வகுப்பின் பின்மதிலுக்கு அப்பால்.
பல் தீட்டிக்கொண்டே சேரின் மோட்டார் சைக்கிள்
வரும் சத்தத்தைக் கேட்கலாம்.
அவளும் நித்திரை முழித்துத்தான் படித்தாள்,
அதை மறைக்கமாட்டேன்.
ஒருமுறை கொப்பியை மூன்று நாளைக்குத் தந்தாள்.
அம்மாவுக்குக் காய்ச்சல்.
கருவாடு காயப்போட நான்தான்.
கையில் மணக்கும், கொப்பியிலும் மணக்கும் என்று
திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.
"எல்லாம் எழுதிட்டியா?" என்றாள்.
ஓம் என்றேன்.

நாங்கள் இருவரும் ஒரே மாவட்டம்.
கொழும்பிலிருந்து பார்த்தால்
பின்தங்கிய மாவட்டம்.
கிட்ட வந்து பார்த்தால்
அந்தப் பின்தங்கலுக்கும்
ஒரு முன்வாங்கு இருந்தது.

வெட்டுப்புள்ளி வந்த இரவு
தம்பியின் போனில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.
எனக்குக் குறைந்தது
தசம் பூச்சியம் மூன்று.
"அது எவ்வளவு பிள்ளை?" அப்பா கேட்டார்,
கரைவலைக் கயிறு இழுத்த கையைத் துடைத்தபடி.
எப்படிச் சொல்ல?
பெருவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினேன்.
"அவ்வளவுதானே" என்றார்,
அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம்
என்பதுபோல.

இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறேன்.
கடை திறப்பது எட்டரைக்கு.
வேலைக்கு நான் ஒருநாளும் பிந்தியதில்லை.

போன கிழமை சேரின் வகுப்பிலிருந்து வந்தது
சுருக்கக் குறிப்பு.
நூற்றிருபது பக்கம், அறுபது பிரதி.
முதல் தாளிலேயே கையெழுத்தைப் பிடித்துவிட்டேன்.
வைத்தியபீடத்துக்குப் போகுமுன்
விதுர்ஷா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பச்சை வெளிச்சம் இடமிருந்து வலம் போகிறது.
சுடச்சுட வெளியே வருகின்றன
என்னுடைய முதல் நாற்பது நிமிடங்கள்,
ஒவ்வொன்றும் அறுபது தரம்.

சமநிலை எதனால் குலையும் என்று
பெட்டி போட்டு எழுதியிருந்தாள்.
நின்ற நிலையில் வாசித்தேன்.
விளங்கியது.
உடனே விளங்கியது.
அதனால்தான் கோபம் வந்தது.

தாள் சிக்கிக் கசங்கியதை
இழுத்தெடுத்து வெளியே எறிந்தேன்.
தரிப்பிடத்து மான் ஒன்று வந்து மணந்தது.
ஓரத்தைக் கடித்தது, பிறகு நடுவை.
யாரும் துரத்தவில்லை.
"ஆகவே" வருமுன்பே
முழுத்தாளும் போய்விட்டது.

அறுபத்தொரு பிரதி அடித்தேன்.
ஒன்றின் காசைச் சம்பளத்தில் வெட்டச் சொன்னேன்.
"ஆருக்கு?" என்றார் முதலாளி.

தம்பி இந்த வருடம் பத்தாம் வகுப்பு.
பஸ் இன்னும்
ஐந்து முப்பத்தைந்துக்குத்தான்.